அணுவுலையும் இயந்திரக் கல்வியும்

அணுசக்தி என்றவுடனே நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? கரும்பலகை நிறையச் சமன்பாடுகளை எழுதிவிட்டுச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் பௌதிக விஞ்ஞானி ஒருவரே. ஆதலாற்றான், "எங்கள் பிள்ளைக்கு அணுத்துறையில் ஆசை, ஆனால் கிடைத்திருப்பதோ இயந்திரப் பொறியியல். இனி அந்த ஆசையைக் கைவிட வேண்டியதுதானா?" என்று பெற்றார் பலர் ஏங்குகின்றனர்.

அந்த ஏக்கம் வேண்டியதில்லை என்பதே நம் விடை. அணுவுலையின் வாயிலில் இயந்திரப் பொறியியலாளன் விருந்தாளியாக நிற்பவனல்லன்; அவன் அவ்வீட்டுக்கு உரியவன். அது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உலைக்குள்ளே நடப்பது என்ன?

அணுமின் நிலையம் என்பது, சுருங்கக் கூறின், நீரைச் சூடாக்கும் பெரியதோர் அடுப்பே. விறகுக்கும் நிலக்கரிக்கும் பதிலாக யுரேனியத்தின் கரு பிளவுபட்டு வெப்பத்தைத் தருகிறது. அவ்வெப்பத்தால் நீராவி பிறக்கிறது; நீராவி சுழலியைச் சுழற்றுகிறது; சுழலி மின்பிறப்பாக்கியை இயக்குகிறது. கரு பிளவுபடும் இடம் பௌதிக விஞ்ஞானியின் இராச்சியம். வெப்பம் அவ்விடத்தை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்து, குழாய், பம்பி, வால்வு, கொதிகலம், சுழலி ஆகிய யாவும் இயந்திரப் பொறியியலாளனின் ஆட்சிக்கு உட்பட்டவை.

தமிழகத்தின் தென்கோடியிலுள்ள கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் உலை ஏறக்குறைய 3000 மெகாவாற்று வெப்பத்தை உண்டாக்குகிறது. மின்சாரமாவது அதில் மூன்றிலொரு பங்கான 1000 மெகாவாற்றே. உலையினூடு ஓடும் நீரின் வெப்பநிலை 300 பாகை செல்சியசுக்கு அண்மையில் இருக்கும். ஆயினும் அது கொதிப்பதில்லை. வளிமண்டல அமுக்கத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் அதனை அடக்கி வைத்திருக்கிறது. அத்தகைய நீரைப் பல்லாண்டுகள் தாங்கி நிற்கும் உருக்குக் கலத்தை அமைப்பது இலேசான காரியமா?

சென்னைக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்து மின்னிலையத்தின் அமைப்போ வேறு. அங்கே உலையை நிறுத்தாமலே எரிபொருளை மாற்றுகிறார்கள். குழாயின் இருமுனையிலும் இரண்டு இயந்திரங்கள் இறுகப் பற்றிக்கொள்ள, ஒன்று புதிய எரிபொருளை உள்ளே தள்ளுகிறது. மற்றையது எரிந்து தீர்ந்ததை ஏற்றுக்கொள்கிறது. மனிதர் அணுக இயலாத இடத்தில், ஒரு துளியும் சிந்தாமல், இவ்வேலை நடந்தாக வேண்டும். இதனைவிட நுட்பமான இயந்திர வேலை எங்கே உண்டு?

அணைந்தும் ஆறாத அடுப்பு

நம் வீட்டு அடுப்பை அணைத்தால் அதன் சூடு சிறிது நேரத்தில் ஆறிவிடும். அணுவுலையின் இயல்பு அதுவன்று. கருப்பிளவை முற்றாக நிறுத்திய பின்னரும், பிளவிலிருந்து பிறந்த பொருள்களின் கதிர்த்தொழிற்பாட்டினால் வெப்பம் தொடர்ந்து உண்டாகிறது. நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவாகும். 3000 மெகாவாற்று உலைக்கு இது 180 மெகாவாற்று! பின்னர் அது படிப்படியாகக் குறைந்து செல்லுமாயினும், நாட்கணக்கில் நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் தேதி ஜப்பானிலே புகுஷிமாவில் நேர்ந்தது யாது? நிலநடுக்கத்தின்போது உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. குளிர்விக்கும் வழி அற்றுப்போயிற்று. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

ஒரு வால்வு கற்பித்த பாடம்

அதற்கு முன்னரே, 1979ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆந் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் நிலையத்தில் நீர் ஊட்டும் பம்பிகள் நின்றன. உலையும் தானாக நின்றது. ஏறிய அமுக்கத்தைத் தணிப்பதற்காக ஒரு வால்வு திறந்தது. அது மீண்டும் மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. ஆனால் கட்டுப்பாட்டறையில் இருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டது என்று கருதுமாறே காட்டியது. ஏனெனில், "மூடு" என்ற கட்டளை சென்றதா என்பதை மட்டுமே அவ்விளக்கு அறியும். வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது அறியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நீர் வெளியேறியது. உள்ளே நீர் மிகுந்துவிட்டதென்று எண்ணிய ஊழியர்கள், காப்பாற்ற வந்த நீரையும் குறைத்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று.

கட்டளை இட்டதையே காரியம் முடிந்ததாகக் கொள்ளலாகாது என்னும் பாடத்தை உலகம் அன்று பெரும் விலை கொடுத்துக் கற்றது. இயந்திரப் பொறியியல் மாணவன் தன் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டிய பாடம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

இந்தியாவின் அணுமின் துறையை வளர்த்தவர்களுள் ஒருவராகிய எம். ஆர். சிறீனிவாசன் 1950இல் பெங்களூரில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்த துறை வாயுச் சுழலிகள். 1955இல் அணுசக்தித் துறையிற் சேர்ந்து, மறு ஆண்டு இயங்கத் தொடங்கிய அப்சரா உலையின் ஆக்கத்திற் பங்குகொண்டார். 1967இல் கல்பாக்கத்து நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியியலாளரானார். 1987இல் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராகவும் உயர்ந்தார். 2025ஆம் ஆண்டு மே மாதம் தமது 95ஆவது வயதில் மறைந்தார். சுழலியிற் தொடங்கிய கல்வி அவரை எங்கே கொண்டுசென்றது என்பதைக் காண்க.

கற்க வேண்டியவை

வெப்பவியக்கவியல், பாய்பொருளியல், வெப்ப இடமாற்றம், திரவியங்களின் வலிமை, அதிர்வு, உலோகவியல் ஆகியனவே இத்துறைக்கு அத்திவாரம். பட்டப்படிப்பின்போது இவற்றை ஐயந்திரிபறக் கற்றல் வேண்டும். காய்ச்சி இணைத்தலையும் அவ்விணைப்பைச் சோதிக்கும் முறைகளையும் இழிவாகக் கருதுதல் ஆகாது. கருப் பௌதிகத்தைப் பட்டத்தின் பின்னரும் கற்கலாம்; இந்தியாவில் 1957 முதல் இயங்கும் அணுத்துறைப் பயிற்சிப் பள்ளி, பொறியியற் பட்டதாரிகளை ஓராண்டுப் பயிற்சியினால் இதற்கென ஆயத்தப்படுத்தி வருகிறது. பெண்பிள்ளைகளுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. அணுத்துறையில் முதுமாணிக் கல்வி பயில விரும்பும் பெண்களுக்கு, மேரி கியூரி அம்மையாரின் பெயரால் 2020இல் ஓர் உதவித்திட்டத்தைச் சர்வதேச அணுசக்தி முகவராண்மை தொடங்கியது.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், இத்தொழிலை நாடுபவர் கடல் கடக்க வேண்டியிருக்கும். ஆயினும் கற்ற கல்வி வீண்போகாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலும் சுழலியைச் சுழற்றுவது நீராவியே.

பெற்றார்க்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பழுதான தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பூட்டிவிட்டு, "சரி" என்று சொல்லும் முன் நீர் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்க்கும் இயல்புடையவனாயின், அவனைத் தடுக்காதீர்கள். அந்தக் குனிந்து பார்க்கும் குணத்தையே அணுவுலை தன் பொறியியலாளனிடம் எதிர்பார்க்கிறது.