டாக்டர் காப்பார், நாம்?

பெண்ணின் ஜாதகத்தை வெளியே கொடுப்பதென்றால் பத்துத் தரம் யோசிக்கிறோம். வீட்டில் நகை எத்தனை பவுன் என்று யாராவது விசாரித்தால், "ஏதோ இருக்கிறது" என்று மழுப்பத் தெரியாதவர் நம்மில் யார்? ஆனால் மருமகளின் ஸ்கான் ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்கிறோம்? செல்போனில் அதைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். அவள் பெயர், வயது, கர்ப்பப் பையில் என்ன கோளாறு என்பதெல்லாம் ஒரு நொடியில் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடுகிறது. "எல்லோரும் பிரார்த்தனை செய்யுங்கள்" என்று கீழே ஒரு வரி வேறு!

அன்பினால் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டோமா?

டாக்டர்களுக்கு இந்த விஷயத்தில் உள்ள கட்டுப்பாடு மிகப் பழையது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் பிரமாணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. வைத்தியத்தின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லமாட்டேன் என்பது அதில் ஒரு பகுதி. நம் நாட்டில் 2002-ம் ஆண்டு வகுக்கப்பட்ட மருத்துவர் நடத்தை விதிகளும் அதையே வற்புறுத்துகின்றன. நோயாளி இன்னார் என்று அடையாளம் தெரியும்படி அவருடைய படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றிப் பத்திரிகையில் வெளியிடுவதும் தவறு. 2017-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்துவிட்டார்கள்.

"அப்படியானால் எதையுமே யாருக்கும் சொல்லக்கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. ரத்த தானம் கொடுக்கப் போன ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. செய்தி வெளிப்பட்டு, அவருக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. ரகசியத்தை வெளியிட்டதாக ஆஸ்பத்திரி மீது அவர் வழக்குத் தொடுத்தார். 1998-ல் சுப்ரீம் கோர்ட் அதற்கு முடிவு சொன்னது: ரகசியம் காப்பது டாக்டரின் கடமைதான், ஆனால் மணக்கப்போகும் பெண்ணின் உயிருக்கே ஆபத்து என்னும்போது அந்தக் கடமைக்கு விலக்கு உண்டு.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அறியவேண்டியவர் வேறு, அறிய ஆசைப்படுகிறவர் வேறு. மருமகளின் ரிப்போர்ட்டை அறியவேண்டியவர்கள் அவளும், அவள் கணவனும், டாக்டரும், அவளாக யாரிடம் சொல்ல விரும்புகிறாளோ அவர்களும்தான். மதுரைப் பெரியம்மாவின் சம்பந்தி அந்தப் பட்டியலில் இல்லை!

முன்பெல்லாம் திண்ணையில் பேசிய பேச்சு நாலு நாளில் மறந்துபோகும். செல்போனில் போன படம் அப்படியா? நாம் அழித்தாலும், வாங்கிக்கொண்டவர் சேமித்து வைத்திருந்தால் அது இருந்துகொண்டே இருக்கும். நாளைக்கு அவளுடைய தங்கைக்கு வரன் பார்க்கும்போது, "அந்தக் குடும்பத்தில் ஏதோ வியாதியாமே" என்று யாரோ ஆரம்பிப்பார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. வீட்டில் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுகிற பெண், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் வாய் திறக்கமாட்டாள். புற்று நோய்க்கு மருந்து செய்ய ஏற்ற காலம் ஆரம்ப காலம். நம் வாய்க்குப் பயந்து அவள் அந்தக் காலத்தைக் கடத்திவிட்டால் யார் பொறுப்பு?

ஆகவே சில சின்ன வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். ரிப்போர்ட்டை அனுப்புமுன் உரியவரின் சம்மதத்தைக் கேளுங்கள். இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் வேண்டுமா? அந்த டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள். ரத்தம் தேவையா? ரத்த வகையும், ஆஸ்பத்திரியும், தொடர்பு கொள்ள ஒரு நம்பரும் போதும். நோயின் பெயர் எதற்கு? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரைப் படம் பிடிக்கவே வேண்டாம்.

உங்கள் சொந்த நோயைப்பற்றி நீங்களாக எழுதுவது வேறு விஷயம். அதனால் இன்னொரு சகோதரிக்குத் தைரியம் பிறக்கலாம். உங்களுடையதை நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். பிறருடையதை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

டாக்டரின் வாயை விதியும் சட்டமும் கட்டுகின்றன. வீட்டில் நம் வாயைக் கட்ட நம்முடைய பண்பு ஒன்றுதான் இருக்கிறது.