காலனிக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ அறை

நம் பாட்டிமார் காலத்தில் ஊர்த்தெருவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி காலனிக்குள் வரமாட்டார். நமக்கு நம்மில் மூத்த ஒருத்திதான் கொடி அறுத்தார், நஞ்சைப் புதைத்தார். கூலி கொஞ்சம் கம்போ வரகோ, அவ்வளவுதான்.

இன்று மேல்நாடுகளில் ‘பிரசவ இல்லம்’ நடத்துகிறார்கள். அது வீடும் அல்ல, பெரிய மருத்துவமனையும் அல்ல. சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியே பிரசவம் பார்ப்பார். ஏதாவது தவறினால் உடனே வண்டி வைத்து மருத்துவமனைக்கு அனுப்புவார். நம் பெருநகரங்களில் காசுள்ளவர்களுக்கும் இது கிடைக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதற்கு நெருக்கமானது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறைதான். மூன்று செவிலியர்கள் முறை வைத்து இரவும் பகலும் பார்க்கவே அது ஏற்பட்டது. அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்பது தமிழகத்தில் 2004 முதல் உள்ள ஏற்பாடு. மருந்து, சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம் என்பது 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டம்.

ஆனால் வலி கண்டதுமே ‘எதற்கு வம்பு, டவுனுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவதாகக் காலனிப் பெண்கள் நம்மிடம் சொல்கிறார்கள். அங்கே துணைக்குப் போனவர் வாசலில் நிற்க வேண்டும். மக்காச்சோளக் காட்டுக் கூலியும் போகும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழகத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை. தனியாரில் 64, அரசில் 36.

ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, இரட்டைப் பிள்ளை, முன்பே அறுவை ஆனவர் என்றால் பெரிய மருத்துவமனைதான். அதில் வாதமில்லை. வீட்டுப் பிரசவத்துக்கும் நாம் திரும்பச் சொல்லவில்லை. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததில் ஒரு தாயே போனார். மற்றவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்பதே கேள்வி.

பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர் (2011 கணக்கு). அடுத்த கிராம சபையில் கேட்போம்: இரவில் நர்சு இருக்கிறாரா? போன மாதம் இங்கே எத்தனை பிரசவம், எத்தனை பேரை அனுப்பினீர்கள், ஏன்? செவிலியருக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்ததே, அதில் நம் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர்?