‘ஆதரவற்றவர்’ என்ற சொல்

வடக்குத்தைத் தாண்டினால் நெய்வேலி நகரியம். அங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு வேலை முடியும் நாளில் வைப்புநிதி உண்டு, பணிக்கொடை உண்டு. இந்தப் பக்கம், ஆயுள் முழுக்க நாற்று நட்டவருக்கும் முந்திரி உடைத்தவருக்கும் இருப்பது ‘ஓஏபி’ பணம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. 2011-இல் 1,000, 2023-இல் 1,200 என்று உயர்ந்தது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவருக்கு மட்டும் ஒன்றிய அரசும் பங்கு தருகிறது. 1995-இல் அது 75 ரூபாய், 2006-இல் 200 ரூபாய். எண்பது வயது ஆகாதவருக்கு அதற்குப் பிறகு அது நகரவில்லை. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்குக் காணாது.

தொகையைவிட எங்களை உறுத்துவது ‘ஆதரவற்ற’ என்ற சொல். ஓய்வூதியம் என்று பெயர் வைத்துவிட்டு, உழைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. மகன் சோறு போடுகிறானா என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் மனு எழுதிக்கொடுத்த ஓர் அம்மாளின் மகன் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. விசாரணையில் அவர், “போடுறான் ஐயா, அவனுக்கு வேலை இருந்தா போடுறான்” என்றார். முதல் சொல்லோடு மனு முடிந்தது. “போடலைன்னு சொல்லும்மா” என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கலாம். பெற்ற பிள்ளையைப் பழிக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வறுமையை நிரூபிக்கக் கேட்டால் புரிகிறது; உறவு முறிந்ததை ஏன் நிரூபிக்க வேண்டும்?

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்பின் 41-ஆம் பிரிவு, முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. மகன் இருக்கிறானா என்று அது கேட்கவில்லை. அரசின் பொருளாதார வலுவுக்கு உட்பட்டு என்ற கொக்கி அதில் உண்டு என்பதையும் மாணவர்கள் படித்துவைக்க வேண்டும். ஆனால் உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்றியத் திட்ட ஓய்வூதியத்தை மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க உத்தரவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

மனு ஏற்கப்பட்டாலும் விரல் தடுக்கிறது. முந்திரிக்கொட்டையின் எண்ணெய் தோலை அரித்துவிடும். ரேகை இயந்திரம் அந்த விரலை ஏற்காது. உழைத்ததற்கு வேறு என்ன சான்று வேண்டும்? அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவரை விட்டுவிடாதீர்கள். கூடவே போங்கள், பணம் மறுக்கப்பட்ட காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாங்கும்வரை அங்கேயே இருங்கள்.