வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எதுக்கு மாத்தணும்? 10,000 கி.மீ. கணக்கில் நாம் படிக்காமல் விடும் இரண்டாவது பாதி

செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, புட்லூர் பக்கம் வீடு வாங்கி குடிவந்தவர்களில் பலருக்கு காருக்கு இருக்கும் முக்கியமான வேலை ஒன்றுதான். காலையில் வீட்டில் இருந்து 3 கி.மீ. ஓடி ரயில் நிலையம் வர வேண்டும். சென்ட்ரல் போகும் மின்சார ரயில் கிளம்பியதும் கார் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். ராத்திரி அதே 3 கி.மீ. திரும்பும். ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கோ, ஆவடியில் பிரியாணிக்கோ ஒரு ரவுண்டு. அவ்வளவுதான்.

இந்த காருக்கு எப்போது என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும்? "10,000 கி.மீ.க்கு ஒருமுறை" என்பதுதான் எல்லோரும் டக்குனு சொல்லும் பதில். சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 6 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 150 கி.மீ. வருஷத்துக்கு 1,800 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றலைச் சேர்த்து 2,500 என்றே வைத்துக்கொண்டாலும், 10,000 கி.மீ. தொட நான்கு வருஷம் ஆகும். நான்கு வருஷம் ஒரே ஆயில்! மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் முடியும்.

உண்மையில் கார் கம்பெனிகள் சொல்வது "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது". மாருதி சுஸுகி, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு இதுதான் வழக்கமான கணக்கு. 15,000 கி.மீ. வரை அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அங்கேயும் 'அல்லது ஒரு வருஷம்' என்ற வரி கூடவே இருக்கும். அந்த 'அல்லது'வைத்தான் நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

நின்ற காருக்கு ஆயில் எப்படிக் கெடும்?

நியாயமான கேள்விதான். ஓடாத வண்டியில் ஆயில் ஏன் கெட வேண்டும்? உண்மையில் நிற்பதைவிட, கொஞ்சூண்டு ஓடி நிற்பதுதான் பிரச்சினை.

பெட்ரோல் எரியும்போது கார்பன் டை ஆக்சைடு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே தண்ணீரும் வருகிறது. அதுவும் துளித்துளியாக இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். பெரும்பகுதி சைலன்ஸர் வழியே போய்விடும். காலையில் சில கார்களின் சைலன்ஸரில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். ஆனால் ஒரு சின்ன பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். சரியாக எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேர்ந்தே இறங்கும்.

வண்டி நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் கவலை இல்லை. ஆயில் கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் போனதும் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென இருக்கும் குழாய் வழியாக மறுபடி என்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். ஆனால் 3 கி.மீ. ஓட்டத்தில்? டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள் நடுவுக்கு வந்திருக்கலாம். அது காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் எடுக்கும். 'நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாம் சீக்கிரம் சூடாயிடும்' என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனாலும் ஸ்டேஷன் தூரத்துக்கு அது போதாது.

இப்படி தினமும் இரண்டு வேளை தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்துகொண்டே போனால் அமிலத்தன்மை கூடும். ஆயிலோடு கலந்து வரும் ரசாயனக் கூட்டுப்பொருட்கள் இந்த அமிலத்தைச் சமாளிக்கவே இருக்கின்றன, ஆனால் அவையும் தீர்ந்துபோகும். அப்புறம் ஆயில் கெட்டியாகி, கருப்பு ஜாம் மாதிரி உள்ளே படியும். மெக்கானிக்குகள் 'ஸ்லட்ஜ்' என்பது இதைத்தான். அது ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் மேலே கேம்ஷாஃப்ட் வரை ஆயில் ஏறாது. அங்கே இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும்.

சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஎன்ஜி சுத்தமாக எரியும், ஆயில் சீக்கிரம் கருக்காது. அதனால் 'பளிச்சுனுதான் இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று விடுபவர்கள் அதிகம். ஆனால் சிஎன்ஜி எரிந்தால் பெட்ரோலைவிட நீராவி அதிகம் வரும். நிறத்தை நம்பாதீங்க.

கையேட்டின் கடைசிப் பக்கங்கள்

காரோடு வரும் கையேட்டை முழுசாகப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொன்று 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் வரும். அந்தப் பெயரைப் பார்த்ததும் லடாக் மலைப்பாதை ஞாபகம் வரும். உள்ளே படித்தால் நம்ம தெரு மாதிரி இருக்கும்: அடிக்கடி குறைந்த தூரம் மட்டும் ஓட்டுவது, நிறுத்திய இடத்தில் என்ஜினை நீண்ட நேரம் ஓடவிடுவது, தூசி நிறைந்த சாலை, வெயிலில் நெரிசலான போக்குவரத்து, டாக்ஸியாக ஓட்டுவது. ஹூண்டாய் கையேடுகளில் 8 கி.மீ.க்குக் குறைவான பயணங்களைத் திரும்பத் திரும்பச் செய்வதும், 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள வெயிலில் நெரிசலில் ஓட்டுவதும் இந்தப் பட்டியலில் வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் 32 டிகிரிக்குக் கீழே பகல் வெயில் இருக்கும் மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சி.டி.எச். சாலையில் பட்டாபிராம், ஆவடி வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு தினமும் காரிலேயே போய்வருபவர் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் டிக் அடித்துவிடுவார். சிக்னலில் நிற்கும்போது, ரயில்வே கேட்டில் ஏசி போட்டுக் காத்திருக்கும்போது, மீட்டர் ஒரு கி.மீ. கூட ஏறாது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு பல கையேடுகள் சொல்வது சாதாரண இடைவெளியில் பாதி: 5,000 கி.மீ. அல்லது 6 மாதம்.

ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதே செவ்வாப்பேட்டையில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு ஒரு வழி 30 கி.மீ., அதிகாலை ஷிஃப்டுக்கு காலியான ரோட்டில் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 கி.மீ. ஓடும். ஆறேழு மாதத்தில் 10,000 வந்துவிடும். ஆனால் அவருடைய ஆயில் தினமும் நன்றாகச் சூடாகிறது, தண்ணீர் தங்குவதில்லை. அவரிடம் 'அஞ்சாயிரத்துக்கு ஒருவாட்டி மாத்திடுங்க சார், என்ஜினுக்கு நல்லது' என்று சொல்லும் மெக்கானிக், அவருடைய பணத்தை வீணாக்குகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பெரியபாளையம் வழியாக ஓடுபவர்களுக்கும் இதே கணக்கு, ஆனால் லாரிகள் கிளப்பும் தூசிக்காக ஏர் ஃபில்டரைக் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஒரே தெரு, ஒரே மாடல் கார். 2,500 கி.மீ. ஓடியவர் ஆயில் மாற்ற வேண்டும், 8,000 கி.மீ. ஓடியவர் இன்னும் பொறுக்கலாம்.

இந்த 5,000 கணக்குக்கு அமெரிக்காவிலும் ஒரு அண்ணன் உண்டு. அங்கே பல காலமாக '3,000 மைலுக்கு ஒருமுறை' என்பது வேதவாக்கு. 3,000 மைல் என்றால் சுமார் 4,800 கி.மீ. ஆயிலும் என்ஜினும் முன்னேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 'உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள், 3,000 மைல் ஒரு கட்டுக்கதை' என்று கலிஃபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்ய வேண்டி வந்தது. கழிவு ஆயில் தேவையில்லாமல் குவிகிறது என்பதுதான் அவர்களின் கவலை.

டர்போ, டீசல்

இப்போது சின்ன கார்களிலேயே டர்போ வந்துவிட்டது. டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது என்ஜினில் இருக்கும் அதே ஆயில்தான். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் ஆயிலில் பெட்ரோல் கலப்பதும் கூடுதல். உங்களுடையது டர்போ, ஓட்டமும் ஸ்டேஷன் வரைக்கும்தான் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

டீசல் கார் வாங்கி ஸ்டேஷனுக்கு ஓட்டுவது அதைவிட மோசம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்த பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அது தானாகவே சூடேற்றிக்கொள்ளும். அதற்காகக் கூடுதல் டீசல் செலவாகும். நடுவில் ஸ்டேஷன் வந்து சாவியைத் திருப்பினால் வேலை பாதியில் நிற்கும், அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல், மேலே ஏறியிருந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். ஏறியிருக்கே என்று சந்தோஷப்படாதீர்கள், உடனே காட்டுங்கள். இந்தக் கார்களுக்கு சாம்பல் குறைவாக விடும் தனி ரக ஆயில் வேண்டும் என்பதையும் கடைக்காரர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

எலக்ட்ரிக் கார் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம், என்ஜினே இல்லை! ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்ஸர் தயாரித்த நம்ம திருவள்ளூர் ஆலையில்தான், பின்னால் சிட்ரோயன் தன் எலக்ட்ரிக் சி3 காரையும் தயாரித்தது என்பது கூடுதல் தகவல்.

கராஜில் கேட்க வேண்டியவை

ஆயில் டின் மேல் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருக்கும். டபிள்யூ என்றால் விண்டர், அதாவது குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதன் குறியீடு. பின்னால் வரும் எண் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். 'நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சார் நல்லது' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். புது என்ஜின்களின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் என்ன கிரேடோ அதுதான். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். டின்னை உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டின்னை நசுக்கிவிடச் சொல்லுங்கள், அதில் போலி ஆயில் அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆயில் ஃபில்டரும் கூடவே மாற வேண்டும். 'என்ஜின் ஃபிளஷ்' என்று பில்லில் ஒரு வரி சேர்ந்தால், கையேட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

பைக் வைத்திருப்பவர்கள் கார் ஆயிலில் மீதி இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றிவிட வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஊறும், வழுக்கிவிடும்.

பில்லை வாங்கி வையுங்கள். கி.மீ., தேதி இரண்டும் அதில் இருக்கட்டும். வாரன்டி காலத்தில் என்ஜின் பழுதானால் கம்பெனி முதலில் கேட்பது சர்வீஸ் வரலாற்றைத்தான். '2,500 கி.மீ. தானே ஓடியிருக்கு' என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்து சில ஆயிரங்களில் முடிகிற விஷயம். என்ஜினைப் பிரித்தால் அதைப் போலப் பல மடங்கு பில் வரும்.

நடுவில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாதம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் நின்று, என்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும், மேல் குறியைத் தாண்டக் கூடாது. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது சர்வீஸ் நினைவூட்டல் இல்லை, ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். 'இதோ கராஜ் 2 கி.மீ. தான்' என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கும் ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல தெருவில் தண்ணீர் ஏறி கார் மூழ்கினால், ஸ்டார்ட் செய்யாமல் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சாவியையே தொடாமல் டோ பண்ணி எடுத்துப் போவதுதான் வழி.

பழைய ஆயில் எங்கே போகிறது?

வடித்த ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் அது போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கும் பழைய ஆயிலை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு வந்திருக்கிறது. முதல் ஆண்டு இலக்கு 5 சதவீதம், பிறகு படிப்படியாக ஏறும். ஒரு கார் ஆயில் சேஞ்சில் வடியும் கழிவு பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க முடியும் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. செவ்வாப்பேட்டையைச் சுற்றி ஏரிகளும் கூவமும் இருக்கின்றன, பூண்டியில் இருந்து செம்பரம்பாக்கம் போகும் குடிநீர்க் கால்வாயும் இந்தப் பக்கம்தான் போகிறது. உங்கள் கராஜில் வடித்த ஆயிலை பேரலில் பிடிக்கிறார்களா, பேரலை யார் எடுத்துப் போகிறார்கள் என்று அடுத்த முறை கேட்டுப்பாருங்கள். பின்பக்கச் சாக்கடையைக் கை காட்டினால் வேறு கராஜ் பாருங்கள்.