இரத்தமா, அடுப்பா?

“நடுத்தூர ஓட்டமா? நம் நாட்டானுக்கு அது வராது, இரத்தத்திலேயே இல்லை” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள் சாய்வு நாற்காலி நிபுணர்கள். அவர்களுக்கு 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கை நினைவூட்ட விரும்புகிறோம்.

800 மீட்டர் இறுதிப் பந்தயம். உலகின் பெரும் ஓட்டக்காரர்கள் நடுவே நின்றார் இந்தியப் படைவீரர் ஸ்ரீராம் சிங். முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோது எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் யார்? அவரேதான்! இரண்டாவது சுற்றில் முந்தினார் கியூபாவின் யுவான்டொரீனா. 1 நிமிடம் 43.50 விநாடியில் உலக சாதனை படைத்தார். ஏழாவதாக வந்த ஸ்ரீராம் சிங்கின் நேரம் 1 நிமிடம் 45.77 விநாடி.

அந்த நேரத்தை முறியடிக்க இன்னொரு இந்தியர் வருவதற்கு எத்தனை ஆண்டாயிற்று தெரியுமா, தோழர்களே? 42 ஆண்டு! 2018இல் ஜின்சன் ஜான்சன் ஓடியது 1 நிமிடம் 45.65 விநாடி. 42 ஆண்டில் நாடு முன்னேறியது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. 2025இல் முகமது அஃப்சல் அதையும் தாண்டினார், மகிழ்கிறோம். ஆனால் கென்யாவின் ருடிஷா 2012இலேயே 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி முடித்துவிட்டாரே!

இரத்தத்தில் இல்லையென்றால் ஸ்ரீராம் சிங் எங்கிருந்து வந்தார்? இருக்கிறதென்றால், அவருக்குப் பின் ஏன் அத்தனை ஆண்டு வறட்சி?

நடுத்தூர ஓட்டம் இரக்கமற்றது. நூறு மீட்டர்க்காரனின் வேகமும் வேண்டும், நெடுந்தூரக்காரனின் மூச்சும் வேண்டும். அந்த மூச்சு பிறக்கும்போதே வருவதல்ல. ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடித்தான் இதயம் பெருக்கும். தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலுகும். அதன் பிறகே மேட்டு ஓட்டம். அதற்கும் பிறகே வேகப் பயிற்சி. நடுவே சில மாதம் நிறுத்தினால் சேர்த்ததெல்லாம் கரையத் தொடங்கும். மூன்று மாத முகாம் போட்டு வீரனை வார்த்தெடுக்க இது செங்கல் அல்ல!

இந்த முறையை உலகுக்குக் காட்டியவர் ஒரு பாட்டாளி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஆர்தர் லிடியார்ட். தம் உடம்பையே சோதனைச்சாலையாக்கி ஓடிப் பார்த்தார். பிறகு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வாரத்துக்கு நூறு மைல் ஓடவைத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். அதே நாளில் மற்றொரு மாணவர் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம். 1964இல் டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் வென்றார்.

“கென்யாக்காரர் மலைமேல் வாழ்கிறார், அதனால் வெல்கிறார்” என்பார்கள். மலைக்காற்று உதவும், மறுக்கவில்லை. ஆக்லாந்து கடலோர நகரமாயிற்றே, அங்கே எது உதவியது? 1936இலேயே வாரத்துக்கு 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கிய நாடு அது; 1937 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் கொடுத்த நாடு. ஸ்னெல் பிறந்தது 1938இல்! கென்யாவிலும் மலை மட்டுமா இருந்தது? இட்டன் ஊரின் புனித பாட்ரிக் பள்ளிக்கு 1976இல் பாடம் நடத்த வந்த அயர்லாந்துத் துறவி கோம் ஓ’கானல் அங்கேயே தங்கிப் பல பத்தாண்டுகள் மாணவர்களை ஓடப் பழக்கினார். ருடிஷா அவர் வளர்த்த பிள்ளை.

இங்கே நடப்பது என்ன? பதினாறு வயதில் பள்ளிப் பந்தயத்தில் ஒருவன் முதலாவதாக வருகிறான்; கோப்பை கொடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். பதினெட்டில் அவன் கூலி வீட்டுக்குத் தேவைப்படுகிறது. மூச்சு வளர வேண்டிய வயதில் மூட்டை தூக்கப் போகிறான். “விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டே” என்பார்கள். உண்டு; பதக்கத்தோடு வந்தால் உண்டு! பதக்கம் வாங்கும்வரை எதைத் தின்று ஓடுவான்? அதற்கு மட்டும் பதிலில்லை.

ஸ்ரீராம் சிங் படைவீரர். ஜின்சன் ஜான்சன் படைவீரர். 3000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 2024இல் பாரிசில் 8 நிமிடம் 9.91 விநாடியில் ஓடிய அவினாஷ் சாப்ளேயும் படைவீரர்! படைமுகாமில் மந்திரமா போடுகிறார்கள்? வேளாவேளைக்குச் சோறு, மாதந்தோறும் சம்பளம், காலையில் ஓட நேரம், காயம்பட்டால் மருத்துவர். இவ்வளவுதான். இதைச் சீருடை போடாத பிள்ளைக்கும் கொடுங்கள், பதக்கத்துக்கு முன்பே கொடுங்கள், பத்து ஆண்டு விடாமல் கொடுங்கள் என்கிறோம்.

சாப்ளே, மகாராட்டிரத்தின் வறண்ட பீட் மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை. சியாச்சின் பனியில் காவல் நின்றவர். பந்தய ஓட்டம் பழகியது படையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். அவர் படைக்குப் போனது ஓடுவதற்காக அல்ல; வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக.