லேசிக் செய்யும்போது பார்வை சில நொடி இருட்டாவது ஏன்? விழித்திரைக்கு ஆபத்தா?

கண்ணாடிக்கு விடை கொடுக்க லேசிக் செய்துகொண்டவர்களிடம் கேட்டால், பலரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: பெரிதாக வலியில்லை, ஆனா நடுவுல கொஞ்ச நேரம் எதுவுமே தெரியல. அந்த இருட்டுக்குக் காரணம், விழித்திரைக்குப் போகும் ரத்தம் தற்காலிகமாகக் குறைவதுதான்.

என்ன நடக்கிறது?

லேசிக்கில் முதலில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடிபோலத் திறப்பார்கள். அப்போது கண் அசையாமலிருக்க, 'சக்‌ஷன் ரிங்' எனும் உறிஞ்சு வளையத்தைப் பொருத்துவார்கள். இயல்பாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் கண் அழுத்தம், பிளேடு முறையில் 65-க்கு மேல் ஏறிவிடும். கிட்டத்தட்ட காலால் மிதித்த தண்ணீர் பைப் மாதிரி, விழித்திரையின் ரத்த நாளங்கள் நசுங்கி, ஓட்டம் தடைபடும். வளையத்தை எடுத்ததும் ரத்தம் திரும்பிவிடும், பார்வையும்தான்.

லேசர் விழித்திரையைச் சுடுமா?

சுடாது. இதில் பயன்படும் எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். கருவிழியின் மேற்பரப்பே அதை முழுசாக உறிஞ்சிக்கொள்ளும். உயிர்த் திசுவை வெப்பக் காயமின்றிச் செதுக்க இது உதவும் என 1981-ல் கண்டறிந்த ஐபிஎம் குழுவில் இருந்தவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.

பாதிப்பு நிரந்தரமா?

ஒரு நிமிடத்துக்கும் குறைவான தடையை ஆரோக்கியமான விழித்திரை தாங்கிக்கொள்ளும். அறுவைக்கு முன்னும் பின்னும் விழித்திரை ரத்த நாளங்களைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரிந்த மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவை, தற்காலிகமானவை. 'ஸ்மைல்' முறையில் அழுத்தம் குறைவாகவே ஏறும். 'பிஆர்கே' முறையில் உறிஞ்சு வளையமே கிடையாது.

யார் கவனிக்க வேண்டும்?

கிளாக்கோமா, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பு, அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கண்ணாடி போனதும் கண் டாக்டர் பக்கமே போவதில்லை. ஆனால் லேசிக் சரிசெய்வது கருவிழியின் வளைவை மட்டுமே. கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண்ணும், அதனால் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழியும், விலகும் அபாயமும் தொடரும்.

இன்னொரு சிக்கல்: கருவிழி மெலிந்துவிடுவதால், பின்னாளில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கிளாக்கோமா இருந்தும் 'நார்மல்' என்று ரிசல்ட் வரலாம். எனவே எந்தக் கண் பரிசோதனைக்குப் போனாலும் லேசிக் செய்ததைச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சொன்ன நாட்களுக்கு மேல் போடாதீர்கள். அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும்.

திடீரென மின்னல்போல் ஒளி, மிதக்கும் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் மறைப்பு தெரிந்தால், அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.