பேட்ச் ஃபைலை வரி வரியாக ஓட்டிப் பார்ப்பது

பழைய ஃப்ளாப்பிகளைக் கிளறும்போது 2001-ல் நான் எழுதிய ஒரு பேட்ச் ஃபைல் கிடைத்தது. ஆறே வரி. ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

அப்போ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் இருந்தேன். பீஸ் ரேட் கணக்கு விண்டோஸ் 98 மெஷினில், டாஸ் புரோகிராமில் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரக் கணக்கை ஃப்ளாப்பியில் ஏற்றிவிட்டு ஹார்ட் டிஸ்கில் அழிப்பது இந்த ஃபைலின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு இடத்திலும் கணக்கு இல்லை. மறுநாள் கூலி நாள். நோட்டைப் பார்த்து விடிய விடிய மறுபடி ஏற்றினோம். "ஃப்ளாப்பி கெட்டுப்போச்சுங் தம்பி, விடுங்" என்றார் அக்கவுண்டன்ட் அண்ணன். எழுதினவன் நான், எப்படி விடுவது?

டாஸில் இதற்கு ஒரு வழி உண்டு. 1993-ல் வந்த 6.0-வில் பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக் ஃபைலை வரிக்கு வரி கேட்டு ஓட்டும், 6.2-வில் ஆட்டோஎக்ஸெக்கும் சேர்ந்தது. விண்டோஸ் 95, 98-ல் எந்த பேட்ச் ஃபைலையும் இப்படி ஓட்டலாம்: கமாண்ட் ஸ்லாஷ் ஒய், ஸ்லாஷ் சி, பிறகு ஃபைல் பெயர். ஒவ்வொரு வரியையும் காட்டி நிற்கும். என்டர் அடித்தால் நிஜமாகவே செய்யும் (ஒத்திகை இல்லை, ஜாக்கிரதை), எஸ்கேப் அடித்தால் தாண்டிப்போகும்.

டூப்ளிகேட் ஃபோல்டரில், நிரம்பிய ஃப்ளாப்பியோடு ஓட்டினேன். காப்பி வரி: என்டர். இடம் போதவில்லை என்றது. வழக்கமாக அடுத்து வரும் சிஎல்எஸ் இந்த மெசேஜைத் துடைத்துவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்து 'இஃப் எர்ரர்லெவல் 1 கோட்டு' வரி: என்டர். குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை! டெல் வரி வந்து நின்றது. எஸ்கேப்.

காரணம் சின்னது. காப்பி, கமாண்ட்.காம் உள்ளேயே இருக்கிற கட்டளை; டாஸில் அது எர்ரர்லெவலைத் தொடாது. முன்னால் ஓடிய ஏதோ புரோகிராம் விட்டுப்போன பூஜ்யம் அப்படியே கிடந்தது. எக்ஸ்காப்பி தனி புரோகிராம், தவறினால் எண் தரும். ஒரு எழுத்தை மாற்றினேன், சிஎல்எஸ்ஸைத் தூக்கினேன்.

இப்போது சிஎம்டியில் இதை முயன்று பார்க்காதீர்கள். அங்கே ஸ்லாஷ் ஒய் என்றால் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்து என்று அர்த்தம். கேட்காமலே டெல் வரை ஓடிவிடும்.